மேட்டுப்பாளையம் முதல் மேட்டுப்பாளையம் வரை: ஐந்து நாள் நீலகிரி சைக்கிள் பயணம், ஒரு மதிப்பீடு

கோவையிலிருந்து இயங்கும் ஒரு சிறு குழு நடத்தும் ஐந்து நாள் சைக்கிள் பயணத்தில் கடந்த பிப்ரவரியில் கலந்துகொண்டேன். மேட்டுப்பாளையத்தில் கிளம்பி, கோத்தகிரி, கரிக்கையூர், உதகை, எமரால்டு, மஞ்சூர், கெத்தை, முள்ளி, காரமடை என்று சுற்றி மறுபடி மேட்டுப்பாளையத்துக்கே வந்து சேரும் பாதை அது. தங்குமிடம், சாப்பாடு, வாடகைச் சைக்கிள், பின்தொடரும் வண்டி, மெக்கானிக் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 24,500 ரூபாய். நாங்கள் ஒன்பது பேர் போனோம். குழுவின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே பாதையை ஏறக்குறைய இதே முறையில் நடத்துகிறவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள் என்பதாலும், நான் சொல்லப்போகும் குறைகளில் பாதி அவர்கள் எல்லோருடைய விளம்பரத்திலும் இருக்கிறது என்பதாலும் அப்படிச் செய்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு, அதிலும் இறக்கத்தில் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு, இது கொடுத்த காசுக்குத் தகுந்த பயணம். ஆட்கள் நல்லவர்கள், வேலை தெரிந்தவர்கள். ஆனால் பதிவு செய்யும்போது அவர்கள் அனுப்பும் நான்கு பக்கக் குறிப்பேட்டை நம்பிப் போகக் கூடாது. அந்தக் குறிப்பேடு மலையைக் கிலோமீட்டரால் அளக்கிறது, மலைமக்களைக் காட்சிப் பொருளாக வரிசைப்படுத்துகிறது. இரண்டுமே தவறு என்பது இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது.

குறிப்பேட்டில் முதல் நாளுக்கு எழுதியிருந்தது, '33 கி.மீ., எளிது முதல் நடுத்தரம்' என்பது மட்டுமே. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 325 மீட்டர் அளவில் இருக்கிறது, கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டரில். கணக்குப் போட்டால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 45 மீட்டர் மேலே ஏற வேண்டும், அதுவும் இடையில் மூச்சு வாங்கச் சமதளம் எதுவும் கிடைக்காமல். சமவெளியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் 60 கிலோமீட்டர் ஓட்டிப் பழகிய நண்பர் ஒருவர், '33 தானே' என்று காலைச் சாப்பாட்டைக்கூடக் குறைத்துக்கொண்டு வந்தவர், குஞ்சப்பனையைத் தாண்டியதும் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து சைக்கிளைப் பார்க்கவே மறுத்துவிட்டார். அவர்மேல் தவறில்லை. ஏறும் உயரத்தை மீட்டரில் எழுதாத எந்த மலைப்பாதைக் குறிப்பும் முழுமையானதல்ல. கிலோமீட்டர் என்பது பேருந்தில் போகிறவர்களுக்கான அளவு.

குறையைச் சொன்ன கையோடு நிறையையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் கொடுத்த சைக்கிள்கள் மிக நல்ல நிலையில் இருந்தன. முன்பக்கம் சிறிய பல்சக்கரமும் பின்பக்கம் 34 பல் வரை போகும் கேசட்டும் (பல்சக்கர அடுக்கு) இருந்ததால், நடக்கிற வேகத்துக்குக் கொஞ்சம் மேலே என்றாலும் இறங்காமல் மிதிக்க முடிந்தது. எல்லாச் சைக்கிளிலும் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் டிஸ்க் பிரேக். இதை ஏதோ ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் உண்டு. ரிம்மைப் பிடிக்கும் பழைய பிரேக்கோடு நீண்ட இறக்கத்தில் போனால், ரிம் சூடேறி உள்ளே இருக்கும் டியூப் வெடிக்கும் ஆபத்து உண்டு. சொந்தச் சைக்கிளோடு வந்த ஒருவரை, ரிம் பிரேக் என்பதைப் பார்த்ததும் மெக்கானிக் தம்பி பணிவாக, ஆனால் அழுத்தமாக, அதைக் கட்டி வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டார். அவருக்குக் கோபம்தான். ஐந்தாம் நாள் அந்தக் கோபம் போய்விட்டது.

தண்ணீர் விஷயத்திலும் குழு சரியாக நடந்துகொண்டது. நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால் பாட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டே போகலாம் என்று யாரும் எண்ண முடியாது. குழாய் வைத்த எவர்சில்வர் டிரம் ஒன்று எப்போதும் வண்டியில் இருந்தது. பின்தொடரும் வண்டிக்கு இ-பாஸ் எடுத்து வைத்திருந்தார்கள். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம். இது சிறு விஷயம்தான், ஆனால் சோதனைச்சாவடியில் அரை நாள் போய்விடக்கூடிய சிறு விஷயம்.

இனி இரண்டாம் நாள். இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த நாளும் மிக மோசமான நாளும் அதுவே.

கோத்தகிரியிலிருந்து கீழ்கோத்தகிரி, சோலூர்மட்டம் வழியாகக் கரிக்கையூர் வரை ஏறக்குறைய 40 கிலோமீட்டர். நீலகிரியின் கிழக்கு விளிம்பு இது. சுற்றுலாக் கூட்டம் கோடநாடு காட்சிமுனையோடு நின்றுவிடுவதால் இந்தப் பக்கம் வண்டி நடமாட்டம் குறைவு. முதலில் தேயிலையும் சில்வர் ஓக் மரங்களும், பிறகு காப்பியும் மிளகும் பலாவும், அதற்கும் கீழே காய்ந்த முள்காடு. ஒரே காலைப்பொழுதில் மூன்று தட்பவெப்பங்களுக்குள் புகுந்து வருவது சைக்கிளில் மட்டுமே உடம்புக்குத் தெரியும். காரில் போனால் கண்ணாடிக்கு வெளியே செடி மாறுகிறது. சைக்கிளில் போனால் முதலில் கையுறையைக் கழற்றுகிறோம், பிறகு மேல்சட்டையை, கடைசியில் தலைக்கவசத்துக்குள் வியர்வை வழியத் தொடங்குகிறது. பச்சைத் தேயிலை வாங்கும் கொட்டகை ஒன்றின் பக்கத்தில், சாலைக்கு இருபது அடி மேலே, தேயிலைக்குள் இடுப்பளவு தெரிய ஒரு காட்டெருமை எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. புத்தகத் தமிழில் அதைக் காட்டுமாடு என்பார்கள், இந்த ஊரில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. பயிற்சியாளர் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார். அது தலையைத் திருப்பிக்கொள்ளும் வரை ஒருவரும் செயினைக்கூட அசைக்கவில்லை.

கரிக்கையூர் இருளர் ஊர். அங்கே எங்களோடு சேர்ந்துகொண்ட வழிகாட்டி அந்த ஊர்க்காரர், ஐம்பது வயது இருக்கலாம், இந்தப் பயணத்தில் நான் சந்தித்தவர்களில் தொழில் தெரிந்தவர் யார் என்று கேட்டால் அவரைத்தான் சொல்வேன். குறிப்பேட்டில் அந்த நாளுக்கு எழுதியிருந்த முதன்மைக் காட்சி 'பழங்காலப் பாறை ஓவியங்கள்'. பொறிவரை என்ற அந்தப் பாறை உண்மையில் இருக்கிறது, தென்னிந்தியாவின் முக்கியமான பாறை ஓவியத் தொகுதிகளில் ஒன்று அது. ஆனால் அது காட்டுக்குள் இருக்கிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. வெளியிலிருந்து வந்தவர்கள் கிறுக்கியும் சுரண்டியும் ஓவியங்களைச் சிதைத்த செய்தி சில ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்கிறது. குழு அனுமதி வாங்கவில்லை. வாங்கியதாகவும் சொல்லவில்லை, வாங்கவில்லை என்றும் சொல்லவில்லை. எங்களில் இருவர், 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வரலாமே' என்று வழிகாட்டியிடம் பேரம் பேசத் தொடங்கினார்கள். அவர் சிரித்துக்கொண்டே, "படம் அங்கேயேதான் இருக்கும் சார். எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிட்டு அடுத்த தடவை வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்," என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சு நடக்கவில்லை. விற்றவர்கள் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை, விற்பனையில் பங்கில்லாத ஒருவர் சொல்ல வேண்டிவந்தது.

அதற்குப் பதிலாக அவர் எங்களை ஊர்ப்புறத்திலேயே ஒன்றரை மணி நேரம் நடத்திக்கொண்டு போனார். எந்தச் செங்குத்துப் பாறையில் மலைத்தேனீ கூடு கட்டும், கரடி வந்து போனதை எதை வைத்துச் சொல்லலாம், பலா பழுக்கும் மாதங்களில் யானை எந்தப் பக்கத்திலிருந்து ஏறி வரும் என்று ஒவ்வொன்றையும் இடத்தைக் காட்டிச் சொன்னார். கரடிகள் கோயிலுக்குள் புகுந்து விளக்கில் இருக்கும் எண்ணெயைக் குடித்துவிட்டுப் போவதை நீலகிரிக்காரர்கள் அனைவரும் சொல்வார்கள். அவர் அதோடு நிற்காமல், கோயில் கதவில் நகம் பட்ட இடத்தைத் தொட்டுக் காட்டினார். மரத்தில் நான்கு இணைகோடுகள், விரல் நுனி உள்ளே இறங்கும் ஆழம்.

மதியச் சாப்பாடு அங்கே ஒரு வீட்டில். ராகிக் களி, கீரை, அவரைக்காய்க் குழம்பு. நன்றாக இருந்தது. ஆனால் குறிப்பேட்டில் 'பழங்குடி விருந்து' என்ற பெயரில் தனியாக ஆளுக்கு 600 ரூபாய் போட்டிருந்தார்கள். சமைத்த அம்மாவிடம் விலையைக் கேட்டேன், தலைக்கு 150 என்றார். இடையில் உள்ள 450 ரூபாய்க்குப் போக்குவரத்து, ஏற்பாடு என்று காரணம் சொல்ல முடியும், சொன்னார்கள். அப்படியானால் அதை ஏற்பாட்டுக் கட்டணம் என்று எழுதட்டும்.

அன்று மாலைதான் மோசமானது. திரும்பும் பாதை முழுக்க ஏற்றம் என்பதால் எல்லோரையும் வண்டியில் ஏற்றிக் கோத்தகிரிக்குக் கொண்டுவருவதாகத் திட்டம். ஒருவருக்கு வாந்தியும் தலைசுற்றலும் வந்ததால் வண்டி அவரோடு முதலில் கிளம்பிவிட்டது. ஒன்பது பேருக்கு இருந்தது ஒரே வண்டி. மீதிப் பேரில் சிலர் சோலூர்மட்டம் போகும் பேருந்தில் தொற்றிக்கொண்டார்கள். நாங்கள் மூன்று பேர் சைக்கிளை மிதித்தும் தள்ளியும் ஏறினோம். வெளிச்சம் குறையக் குறைய, காலையில் காட்டெருமை நின்ற இடம் எவ்வளவு தொலைவில் என்பதே மூவரின் மனதிலும் ஓடியது. வண்டி திரும்பி வந்து எங்களை ஏற்றியபோது மணி ஆறரை. மெக்கானிக் தம்பி எங்களோடு நடந்தே வந்தார் என்பதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். இருந்தாலும், காட்டுப்பாதையில் ஒன்பது பேருக்கு ஒரு வண்டி என்பது நிர்வாகம் எடுத்த முடிவு. அதை ஒரு தம்பியின் கால் ஈடுகட்டக் கூடாது.

மூன்றாம் நாள் கட்டபெட்டு வழியாக உதகை. 30 கிலோமீட்டர், வண்டிப் புகை, விடுமுறைக் கூட்டம். சொல்ல அதிகம் இல்லை. 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவின் தோளைத் தாண்டும்போது மூச்சு இரைப்பது வயதினால் மட்டுமல்ல என்று ஆறுதல்பட்டுக்கொண்டேன். உதகையில் ஒரு பேக்கரியில் சூடாக வர்க்கியும் தேநீரும் சாப்பிட்டோம்.

அன்று மாலை மந்து எனப்படும் தோடர் பழங்குடியினரின் ஊர் ஒன்றுக்கு அழைத்துப்போனார்கள். குறிப்பேட்டில் 'தோடர் நடனம் பார்த்து, அவர்களோடு படம் எடுத்துக்கொள்ளல்' என்று இருந்தது. நடனம் நடக்கவில்லை. அன்று அந்த ஊரில் யாருக்கும் ஆட மனமில்லை, அதைச் சொல்லிவிட்டார்கள், எனக்கு நிம்மதியாக இருந்தது. வளைந்த கூரையுள்ள அவர்களுடைய கோயிலை வெளிச்சுவருக்கு இப்பாலிருந்து பார்த்தோம். ஒரு வீட்டுத் திண்ணையில் வயதான பாட்டி ஒருவர் பூத்துக்குளியில், அதாவது தோடர்கள் போர்த்திக்கொள்ளும் சால்வையில், பூவேலை செய்துகொண்டிருந்தார். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல் ஓடும் அந்த வேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியில் முன்கூட்டி எதையும் வரைந்துகொள்வதில்லை, நெசவின் இழைகளை எண்ணி எண்ணித்தான் ஊசி போகிறது. எங்களில் ஒருவர் உற்சாகமாக, 'பாட்டி, இது எத்தனை நாள் ஆகும்?' என்று கேட்க, அவர் தலையை நிமிர்த்தாமலே இடது கையை மட்டும் தூக்கிப் பொறு என்று காட்டினார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. எண்ணி முடித்து ஊசியை இழுத்த பிறகுதான் எங்களைப் பார்த்தார். அவருக்கு நாங்கள் கொடுத்த தொந்தரவை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. துணி வாங்கியவர்கள் அவரிடமே காசைக் கொடுத்து வாங்கினோம், குழு அதில் தலையிடவில்லை என்பதைப் பாராட்டுகிறேன்.

குறிப்பேட்டின் இன்னொரு பிழையையும் இங்கேயே சொல்லிவிடலாம். வழியில் வரும் எல்லாக் கிராமங்களையும் 'பழங்குடிக் கிராமம்' என்று அது ஒரே வரியில் எழுதுகிறது. தமிழ்நாட்டில் மிக நலிந்த பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்தியுள்ள ஆறு குழுக்களான தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய அனைவரும் இந்த மாவட்டத்தில் வாழ்கிறார்கள். ஆனால் சாலையோரம் நாம் பார்க்கும் பெரும்பாலான அட்டிகள், அதாவது சிற்றூர்கள், படுகர் சமூகத்தாருடையவை. படுகர் இன்றைய பட்டியலில் பழங்குடியினர் அல்லர், சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை நெடுங்காலமாக இருக்கிறது. இந்த வேறுபாடு மலையில் யாரைக் கேட்டாலும் தெரியும். காசு வாங்கிக்கொண்டு அழைத்துப்போகிறவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நான்காம் நாள் முத்தொரை பாலாடா, இத்தலார், எமரால்டு, எடக்காடு வழியாக மஞ்சூர். என்னைக் கேட்டால், சைக்கிளுக்கென்றே அமைந்த சாலை இதுதான். ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும், கேரட் கழுவும் இடங்களில் செம்மண் நீர் சாலைக்குக் குறுக்கே ஓடும், பள்ளத்தாக்கு முழுவதும் படிப்படியாக வெட்டிய காய்கறித் தோட்டம். முத்தொரையில் பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது. குழு அங்கே நிறுத்தவில்லை. மந்துக்குப் போவதற்கு முந்தைய நாள் இதைப் பார்த்திருந்தால், பாட்டியிடம் கேட்ட கேள்வியில் பாதியைக் கேட்டிருக்க மாட்டோம்.

பருவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே மாவட்டமாக இருந்தாலும் கோத்தகிரிப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழை, மஞ்சூர் இருக்கும் குந்தாப் பக்கத்துக்குத் தென்மேற்குப் பருவமழை. எமரால்டுக்கு அடுத்துள்ள அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதிக் கணக்கில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. எனவே இந்தச் சுற்றுப்பாதைக்கு ஜனவரி பிற்பகுதி முதல் மார்ச் வரைதான் காலம். குழு ஜூலையிலும் தேதி அறிவித்திருப்பதைப் பார்த்தேன். நான் போக மாட்டேன்.

கடைசி நாள் மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாக முள்ளிக்கு இறக்கம். கொண்டை ஊசி வளைவுகள் 43. ஏற்றம் காலைக் கேட்கிறது, இந்த இறக்கம் கையையும் மூளையையும் கேட்கிறது. பிரேக்கை விடாமல் மெல்லப் பிடித்துக்கொண்டே போவது பாதுகாப்பு என்று தோன்றும், அதுதான் தவறு. வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து வேகத்தைக் கொன்று, பிறகு முழுவதும் விட்டுவிட வேண்டும், அப்போதுதான் டிஸ்க் ஆறும். பயிற்சியாளர் இதைக் காலையில் அரை மணி நேரம் மஞ்சூர்ச் சாலையிலேயே ஒவ்வொருவரையும் ஓட்டவைத்துச் சொல்லிக்கொடுத்தார். பத்து வளைவுக்கு ஒருமுறை கட்டாய நிறுத்தம். முதல் நிறுத்தத்தில் மெக்கானிக் என் பின்சக்கர டிஸ்க்கில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டார், தோசைக்கல்லில் தெளித்தது போலச் சுர்ரென்று போனது. 'சார், விரலை எடுங்க, பயத்துல பிடிச்சுக்கிட்டே வர்றீங்க' என்றார். உண்மைதான்.

கெத்தைக்குச் சற்று மேலே, குந்தா நீர்மின் திட்டத்தின் ராட்சதக் குழாய்கள் மலைச்சரிவில் தெரியும் பகுதியில், முன்னால் போன பயிற்சியாளர் கையை விரித்து எல்லோரையும் நிறுத்தினார். சாலையில் யானைச் சாணம், இன்னும் ஆவி போகாதது. வளைவுக்கு அப்பால் மூங்கில் முறியும் ஓசை கேட்டது. சைக்கிள் ஓசையில்லாமல் போவதுதான் காட்டில் அதன் ஆபத்து, யானைக்கு நாம் வருவதே தெரியாது. குழு இங்கே நடந்துகொண்ட விதத்துக்காகவே அவர்களுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். சத்தம் போடவில்லை, படம் எடுக்க விடவில்லை, சைக்கிள்களைத் திருப்பி மேல்நோக்கி நிறுத்தச் சொன்னார்கள், வண்டியை எங்களுக்கும் வளைவுக்கும் இடையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கோவையிலிருந்து வந்த அரசுப் பேருந்தும் எதிர்ப்பக்கத்தில் நின்றுவிட்டது என்று பிறகு தெரிந்தது. ஐம்பது நிமிடம் கழித்து அந்தப் பேருந்து மெல்ல ஏறி வர, ஓட்டுநர் அண்ணன் சன்னலில் கையை நீட்டிக் கீழ்ப்பக்கம் இறங்கிவிட்டது என்று சைகை காட்டினார். அதன் பிறகே கிளம்பினோம். முள்ளிச் சோதனைச்சாவடி, வெள்ளியங்காடு, காரமடை எல்லாம் வெயிலில் மங்கலாகவே நினைவில் இருக்கின்றன.

பதிவு செய்வதற்கு முன் எந்தக் குழுவிடமும் நான்கு கேள்விகள் கேட்பேன். ஒவ்வொரு நாளும் ஏறும் உயரம் எத்தனை மீட்டர், எத்தனை பேருக்கு எத்தனை வண்டி, காட்டுக்குள் போகும் இடங்களுக்கு எழுத்தில் அனுமதி இருக்கிறதா, ஊர்க்கார வழிகாட்டிக்கும் சமைக்கும் வீட்டுக்கும் என்ன கொடுக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்குகிறவர்களை விட்டுவிடுவேன்.

ஊர் திரும்பியதும் இதையெல்லாம் குழுவுக்கு எழுதினேன். இரண்டாம் நாள் மாலைக்காக மன்னிப்புக் கேட்டு, மூவருக்கும் ஒரு நாள் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். புதிய குறிப்பேட்டில் பாறை ஓவியமும் நடனமும் இல்லை. இரண்டாவது வண்டி சேர்ந்திருக்கிறது, அதற்காக 1,500 ரூபாய் கூட்டியிருக்கிறார்கள், நியாயம்தான். முதல் நாளுக்கு மட்டும் இன்னமும் '33 கி.மீ., எளிது முதல் நடுத்தரம்' என்றே இருக்கிறது.